கை எட்டாத ஆயில் பிரஷர் சுவிட்சை மாற்ற இன்ஜினைத் தூக்கத்தான் வேண்டுமா?

ரந்தாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். போர்ட்டிக்சனில் கட்டிக் கிடக்கும் ஒருவருடைய பாய்மரப் படகை ஓய்வு நாட்களில் இவர்தான் பார்த்துக்கொள்கிறாராம். 34 அடிப் படகு, உள்ளே மூன்று சிலிண்டர் பழைய யன்மார் டீசல். இரண்டு மணி நேரம் ஓடி நன்றாகச் சூடேறிய பிறகு, வேகத்தைக் குறைத்து மரினாவுக்குள் நுழையும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது, அலாரம் கத்துகிறது. கொஞ்சம் முடுக்கினால் இரண்டும் அடங்கிவிடுகின்றன. சுவிட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். ஆனால் பழைய சுவிட்ச் இருப்பது இன்ஜினுக்கும் படகின் உட்சுவருக்கும் நடுவில். இரண்டு விரல் போகிறது, ஸ்பானர் போகவில்லை. பட்டறைக்காரர் ஒருவர் இன்ஜினை மவுண்டிங்கிலிருந்து (இன்ஜின் உட்காரும் தாங்கிகளிலிருந்து) தூக்கினால்தான் ஆகும் என்று சொல்லி, பெரிய தொகை கேட்டிருக்கிறார். தூக்காமல் மாற்ற வழி உண்டா என்பது கேள்வி.

வழி உண்டு, அதைக் கீழே முழுதாகச் சொல்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது: கெட்டது உண்மையிலேயே சுவிட்ச்தானா? அதை முதலில் எடுக்காமல் ஸ்பானர் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. நான் செம்பனை ஆலைப் பட்டறையில் கை பழகியவன். சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் ஜென்செட் (கரண்ட் தயாரிக்கும் மெஷின்), பம்ப்செட், டிராக்டர் என்று டீசலோடேயே காலம் போனது. பல வருடங்களாகப் போர்ட்டிக்சனில் நிற்கும் படகுகளிலும், எப்போதாவது கிள்ளானிலும் வேலை பார்க்கிறேன். ஆலை ஜென்செட்டில் இருப்பதும் இதே வகை சுவிட்ச்தான். ஒரே ஒரு வித்தியாசம்: அங்கே ஆயில் அழுத்தம் விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிடும். படகில் பெரும்பாலும் அப்படி வைப்பதில்லை. பாறைக்கும் கப்பலுக்கும் நடுவில் இன்ஜின் தானாக நிற்பது அதைவிடப் பெரிய ஆபத்து. அதனால் படகில் அலாரம் கத்த மட்டும் செய்யும், நிறுத்த வேண்டியது நாம். அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போவதைப் போல ஒரு இன்ஜினுக்குக் கெடுதல் வேறில்லை.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி முனை. ஆயில் அழுத்தம் சுமார் 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) கீழே இருக்கும்போது முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்ட் ஒற்றை வயர் வழியாக வந்து சுவிட்சின் உடம்பு வழியாக இன்ஜின் பிளாக்குக்குப் போய்விடும், விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் தகடு ஸ்பிரிங்கைத் தள்ளும், முனைகள் பிரியும், விளக்கு அணையும். அவ்வளவுதான். இதிலிருந்து இரண்டு விஷயம் உறுதியாகச் சொல்லலாம். வயர் அறுந்தாலோ முனை கழன்றாலோ விளக்கு எரியவே எரியாது. வயரின் தோல் தேய்ந்து இன்ஜினில் பட்டால் விளக்கு அணையவே அணையாது, அல்லது படகு ஆடும்போதெல்லாம் கண்டபடி மினுக்கும். முதல் வகைதான் ஆபத்து. சாவியைத் திருப்பியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன், ஆயில் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். எரியவில்லை என்றால் அலாரம் உங்களைக் காப்பாற்றும் நிலையில் இல்லை.

இப்போது உங்கள் படகுக்கு வருவோம். சூடேறிய பிறகு மட்டும், குறைந்த வேகத்தில் மட்டும், முடுக்கினால் அடங்குகிறது. வயர் கோளாறு இப்படி ஒழுங்காக நேரம் பார்த்து வராது. அழுத்தம் உண்மையிலேயே குறையும்போது ஒரு நல்ல சுவிட்ச் என்ன செய்யுமோ, அச்சாக அதைத்தான் உங்கள் சுவிட்ச் செய்கிறது. சுவிட்ச் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. பழைய சுவிட்சில் ஸ்பிரிங் தன் அளவிலிருந்து நகர்ந்து, 0.5 பாரில் ஒட்ட வேண்டியது 0.9 பாரில் ஒட்டினாலும் இதே அறிகுறிதான் வரும். இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஊகிக்கிறார். அதனால்தான் புதிய சுவிட்சைப் போட்டதும் விளக்கு அணைந்துவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள் என்கிறேன். புதியது கொஞ்சம் தாழ்ந்த அளவில் ஒட்டும் சுவிட்சாக இருக்கலாம். அழுத்தம் பழையபடியே கீழே கிடக்கும், சொல்ல ஆளில்லாமல் போயிருக்கும்.

சுவிட்ச் பக்கம் போவதற்கு முன் காசு செலவில்லாத சோதனைகள் சில இருக்கின்றன. ஆயில் குச்சியை எடுங்கள். அளவு குறைந்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். அளவு கூடியிருந்தால் அது இன்னும் மோசம். டீசல் பம்பின் ரப்பர் தகடு கிழிந்தால் டீசல் கசிந்து ஆயிலோடு கலக்கும், ஆயில் நீர்த்துப்போகும், சூட்டில் அழுத்தம் நிற்காது. குச்சியை முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை மூக்கில் ஏறும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கறுப்பு வட்டத்துக்கு வெளியே டீசல் ஒரு மங்கிய வளையமாகப் பரவியிருக்கும். ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ளே போகிறது, அது வேறு கதை, இன்ஜினை ஓட்டவே கூடாது. கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று முதலாளியைக் கேளுங்கள். நம் கடல் தண்ணீர் வருடம் முழுக்க 28, 30 டிகிரி. குளிர் நாட்டிலிருந்து வந்த படகில் அந்த ஊருக்கு ஏற்ற மெல்லிய ஆயில் இன்னும் கிடக்கலாம். இந்த வகை இன்ஜின்களுக்கு இங்கே 15டபிள்யூ-40 டீசல் ஆயில் பொருத்தமானது, கையேட்டில் உள்ள அட்டவணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐட்லிங் வேகம், அதாவது முடுக்காமல் சும்மா ஓடும் வேகம், கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில நேரம் அந்த வேகத்தைச் சரிசெய்யும் ஒரு ஸ்க்ரூவோடு பிரச்சினை முடிந்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் வயரைப் பாருங்கள். சுவிட்ச் வரை கை போகாவிட்டாலும், இன்ஜினின் வயர்க்கட்டு எங்கேயாவது ஒரு பெரிய பிளக்கில் வந்து சேரும். அங்கே ஆயில் சுவிட்சின் வயரைக் கண்டுபிடித்துப் பிரித்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு எரியக்கூடாது. பேனல் பக்கத்து முனையை இன்ஜின் பிளாக்கில் தொட்டால் எரிய வேண்டும். இரண்டும் சரி என்றால் அந்த இடத்திலிருந்து பேனல் வரை குறையில்லை. பிளக்கைப் பிரித்த கையோடு உள்ளே உற்றுப் பாருங்கள். நான் திறந்து பார்க்கும் படகுகளில் பாதிக்கு மேல் பிளக்கின் பித்தளை ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். வயரின் தோலை ஒரு அங்குலம் உரித்தால் உள்ளே செம்பு பளபளக்காது, கறுத்து, விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும். உப்புக் காற்று வயரின் தோலுக்குள்ளேயே ஏறிப் போய்விடுகிறது. அப்படி இருந்தால் நல்ல செம்பு தெரியும் இடம் வரை வெட்டிவிட்டு, வெள்ளீயம் பூசிய கடல் வயரைப் போட்டு, முனையைக் கிரிம்ப் செய்து, பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடுங்கள். சோதனை முடிந்து வயரைத் திரும்ப மாட்டும் வரை படகை எடுக்க வேண்டாம்.

இதற்கு மேல் தீர்ப்புச் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நிஜ அழுத்த கேஜ். கரண்ட் இல்லாத, முள் ஓடும் சாதாரண கேஜ். அதை மாட்ட வேண்டிய துளையும் சுவிட்ச் இருக்கும் அதே துளைதான், அதாவது கை எட்டாத அதே இடம். ஆகவே எப்படிப் பார்த்தாலும் அந்தச் சுவிட்சை ஒருமுறை கழற்றித்தான் ஆக வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: அந்த இடத்துக்கு ஒரே ஒருமுறை போங்கள், போகும்போது இனி அங்கே யாரும் போக வேண்டியிராதபடி செய்துவிட்டு வாருங்கள்.

இன்ஜினைத் தூக்குவது பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தவறான வேலை என்று சொல்ல மாட்டேன், சில படகுகளில் வேறு வழியே இருக்காது. ஆனால் மவுண்டிங் நட்டைத் தொட்ட கணத்தில் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நேர்கோடு போய்விடும். திரும்ப உட்கார வைத்த பிறகு கியர்பாக்ஸ் தட்டுக்கும் ஷாஃப்ட் தட்டுக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளை) விட்டு, மேலே கீழே இடம் வலம் நான்கு பக்கமும் இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும். 100 மி.மீ. அகலத் தட்டுக்கு வித்தியாசம் 0.1 மி.மீ. தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. அதுவும் படகு தண்ணீரில் மிதக்கும்போது அளக்க வேண்டும், கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது அளந்தால் உடம்பு வளைந்து வேறு எண் காட்டும். கட்டைவிரல் அளவு சுவிட்சுக்காக இவ்வளவையும் கலைப்பது எனக்குக் கடைசி வழி.

அதற்குப் பதிலாக, சுவிட்சை எட்டிப் பிடிக்கப் பார்க்காமல், அதற்கு முன்னால் நிற்பதை எடுங்கள். படகு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மணிக்கணக்கில் கையைத் திருகித் திருகி, முழங்கைத் தோலை உரித்துக்கொண்டு, கடைசியில் அரை மணி நேரத்தில் கழற்றியிருக்கக்கூடிய ஒரு பாகத்தைக் கழற்றுவதைப் பார்க்கிறேன். முதலில் படகின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஏணிப் படியை எடுத்து முன்னாலிருந்து பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பின்பக்கப் படுக்கைக்கு அருகிலுள்ள பலகை, காக்பிட் பெட்டியின் உள்சுவர், இரண்டிலும் ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்கும் பலகை இருக்கிறதா என்று தேடுங்கள். பெயின்ட் மூடிய ஸ்க்ரூக்கள் இருந்தால் அதற்குப் பின்னால் வழி இருக்கும். இல்லாவிட்டால் வெறும் மறைப்புப் பலகையில் ஒரு சிறு கதவு வெட்டலாம். ஆனால் அது படகின் உடம்பைத் தாங்கும் குறுக்குச்சுவர் இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும், முதலாளியின் சம்மதமும் வேண்டும். அதன் பிறகு இன்ஜின் பக்கம் வாருங்கள். காற்று வடிகட்டி, ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், ஒரு தண்ணீர்க் குழாய் என்று எது வழியை மறைக்கிறதோ அதை எடுங்கள். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். போனை ஒரு குச்சியில் கட்டி உள்ளே விட்டு வீடியோ எடுத்தால் சுவிட்ச் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையிலிருந்து ஸ்பானர் வர முடியும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கண்ணாடியில் பார்த்து வேலை செய்தால் இடம் வலம் மாறித் தெரியும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிட வேண்டாம்.

கை வைப்பதற்கு முன் பேட்டரி சுவிட்சை அணைப்பது போதாது, நெகட்டிவ் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் பக்கத்திலேயே இருக்கும். ஸ்பானரின் ஒரு முனை அதில் பட்டு மறுமுனை பிளாக்கில் பட்டால் ஸ்பானர் நொடியில் செந்தணலாகிவிடும். மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். இன்ஜின் முழுக்க ஆறட்டும். தண்ணீர்க் குழாயைக் கழற்றுவதாக இருந்தால் கடல் வால்வை முதலில் மூடுங்கள், மூடிய வால்வின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டால் திரும்பத் திறக்க மறக்காது. இன்னொன்று பலருக்குத் தோன்றாது: படகின் அடிப்பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தால் தானாக ஓடும் பம்ப் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். நீங்கள் சிந்தும் ஆயிலை அது நேராகக் கடலில் தள்ளிவிடும். மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி நம் கடலில் எண்ணெய் விடுவது குற்றம். பள்ளத்தில் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். சுவிட்சைக் கழற்றினால் ஆயில் முழுதும் கொட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இன்ஜின் நின்ற பிறகு ஆயில் கீழே சம்புக்கு (இன்ஜினின் அடித்தொட்டிக்கு) இறங்கிவிடும், துளையிலிருந்து வருவது இரண்டு மூன்று கரண்டி அளவுதான்.

ஸ்பானருக்கு வருவோம். புதிய சுவிட்ச் கையில் இருக்கிறது அல்லவா, அதன் அறுகோணத்தை அளந்து பாருங்கள். பழையதும் அதே அளவாக இருக்கும் என்பது நிச்சயமில்லை, வீடியோவில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவில் விலை குறைந்த ஓப்பன் ஸ்பானர் ஒன்றை வாங்கி, கிரைண்டரில் பாதியாக வெட்டுங்கள். தோட்டத்துப் பட்டறைகளில் பழைய போர்மேன்கள் எல்லாரிடமும் இப்படி வெட்டியும் வளைத்தும் வைத்த ஸ்பானர்கள் ஒரு டப்பா நிறைய இருக்கும், அந்தந்த மெஷினுக்கு என்றே. ஓப்பன் ஸ்பானரின் வாய் கைப்பிடிக்கு நேராக இருக்காது, 15 டிகிரி சாய்ந்திருக்கும், கவனித்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான். ஒருமுறை கொஞ்சம் திருப்புங்கள், எடுத்து ஸ்பானரைக் குப்புறப் புரட்டிப் போடுங்கள், இன்னும் கொஞ்சம் திருப்புங்கள். கை 30 டிகிரி அசைய இடமிருந்தாலே போதும், வேலை நகரும். பக்கவாட்டில் இடமில்லாமல் நேர் பின்னாலிருந்து வழி இருந்தால், காக்கைக்கால் ஸ்பானரை (கைப்பிடி இல்லாமல் வாய் மட்டும் உள்ளது) நீண்ட ராடில் மாட்டி விடலாம். வயரைக் கழற்றிவிட்டால் ஆழமான சாக்கெட்டும் போகும். எதை உள்ளே விட்டாலும் அதில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை வெளியே முடிந்து வையுங்கள். இன்ஜின் அடியில் விழுந்த ஸ்பானரைத் தேடுவதில் ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

முந்தின நாளே திரெட்டின் (திருகுப் புரியின்) அடியில் துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊற விடுங்கள். முதல் அசைவு மட்டும்தான் கடினம். அசைந்த பிறகு விரலால் வரும். விரல் பிடிக்க முடியாவிட்டால் சுவிட்சின் தலைக்கு இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் டீசல் குழாய் ஒரு முழம் எடுத்து, தலையில் செருகி, மறுமுனையை வெளியிலிருந்து திருகுங்கள். சுவிட்ச் சுழன்று குழாயோடேயே வந்துவிடும், திரும்பப் போடும்போதும் இதே முறைதான். நல்ல பலம் கொடுத்தும் அசையவில்லை, மூலைகள் உருளத் தொடங்குகின்றன என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். உளியை வைத்துத் தட்டவே தட்டாதீர்கள். தலை ஒடிந்து திரெட் உள்ளே தங்கிவிட்டால்தான் பட்டறைக்காரர் சொன்ன வேலை உண்மையாகவே தேவைப்படும்.

திரெட் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், இங்கேதான் நிறைய பேர் பிளாக்கைக் கெடுக்கிறார்கள். பழைய யன்மாரில் இந்தத் துளை 1/8 பி.எஸ்.பி. கூம்புத் திரெட், பிரிட்டிஷ் அளவு. கார் சாமான் கடையிலும் இணையத்திலும் கிடைப்பது பல நேரம் 1/8 என்.பி.டி., அமெரிக்க அளவு. முதலாவது அங்குலத்துக்கு 28 புரி, 55 டிகிரிக் கோணம். இரண்டாவது 27 புரி, 60 டிகிரி. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றை மற்றதில் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று இதமாகப் போகும், அப்புறம் இறுகும், நீங்கள் நன்றாக உட்கார்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். கசியும், அல்லது பிளாக்கின் புரியை அரைத்துவிடும். பழையதையும் புதியதையும் புரியோடு புரி சேர்த்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். முழு நீளத்துக்கும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் விலையைப் பார்க்காமல் அந்தச் சுவிட்சைத் திருப்பிக் கொடுங்கள். கூம்புத் திரெட் அடியில் போய் முட்டி நிற்காது, இறுக்க இறுக்கப் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே இறுகியதும் கால் சுற்று, அரைச் சுற்றோடு விட்டுவிடுங்கள். வெள்ளை டேப்பைத் தாராளமாகச் சுற்ற வேண்டாம். ஒற்றை வயர் சுவிட்சுக்கு எர்த் திரெட் வழியாகத்தான் கிடைக்கிறது. புரி பொதுவாக டேப்பைக் கிழித்துக்கொண்டு தொட்டுவிடும், எப்போதும் தொடும் என்று சொல்வதற்கில்லை. திரெட் பசை ஒரு துளி, முதல் இரண்டு புரியை விட்டுவிட்டுத் தடவினால் போதும்.

இப்போது, அந்த இடத்துக்கு இனி போக வேண்டியிராதபடி செய்வது. காலியான துளையில் சுவிட்சை நேரடியாகப் போடாமல், ஒரு குட்டை ஹைட்ராலிக் குழாயைப் போட்டு, மறுமுனையைக் கை எட்டும் ஒரு சுவரில் கொண்டுவந்து நிறுத்துங்கள். அங்கே ஒரு பித்தளைக் கட்டையில், குழாய் வந்து சேரும் துளை போக, மூன்று துளை: ஒன்றில் சுவிட்ச், ஒன்றில் கேஜ், மூன்றாவதில் அடைப்பு. இந்தக் குழாயைத் தேடிப் படகுச் சாமான் கடைக்குப் போக வேண்டாம். நம் தோட்டப் பக்கத்து ஊர்களில் டிராக்டருக்கும் எக்ஸ்கவேட்டருக்கும் ஹைட்ராலிக் குழாய் அடித்துத் தரும் கடைகள் இருக்கின்றன. சிரம்பானில் தேடினால் நிச்சயம் கிடைக்கும். பழைய சுவிட்சைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள், கூம்பு பி.எஸ்.பி. முனைதான் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேர்த் திரெட்டைக் கொடுத்துவிடுவார்கள். கம்பி பின்னிய குழாயாக இருக்கட்டும். இன்ஜின் ஆடும், சுவர் ஆடாது, ஆகவே குழாயில் தாராளமாக ஒரு வளைவு விடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல், எதிலும் உராயாமல் கிளிப் போட்டுக் கட்டுங்கள். இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை: குழாய் வெடித்தால் ஆயில் முழுதும் சில நிமிடங்களில் வெளியே போய்விடும். அதனால்தான் சாதாரண டீசல் குழாயை இதற்குப் போடவே கூடாது என்கிறேன், வருடத்துக்கு ஒருமுறை குழாயைத் தடவிப் பார்க்கவும் சொல்கிறேன். சுவரில் வைத்த சுவிட்சுக்கு எர்த் தானாகக் கிடைக்காது. பித்தளைக் கட்டையிலிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு தனி வயர் போட வேண்டும். இதை விட்டுவிட்டால் விளக்கு எரியவே எரியாது.

பின்னால் எலக்ட்ரிக் கேஜ் வைக்க முதலாளிக்கு ஆசை வந்தால், சென்டரும் (அழுத்தத்தை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் பாகம்) கேஜும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஐரோப்பிய வகை சென்டர் அழுத்தம் ஏற ஏறச் சுமார் 10 ஓமிலிருந்து 180 ஓமுக்கு ஏறும், அமெரிக்க வகை 240 ஓமிலிருந்து 33க்கு இறங்கும். கலந்து போட்டால் முள் தலைகீழாக ஓடும்.

கழற்றிய பழைய சுவிட்சைத் தூக்கி எறியாதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் முனையிலும் மற்றதை உடம்பிலும் வைத்தால் இணைப்புக் காட்ட வேண்டும். கேஜ் உள்ள சைக்கிள் பம்பைப் பொருத்தி மெல்லக் காற்றடித்தால், எந்த அழுத்தத்தில் இணைப்பு விடுகிறது என்பது தெரிந்துவிடும். 0.5 பாரை ஒட்டி விட்டால் அது நல்ல சுவிட்ச், உங்களிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. 0.9, 1 பார் வரை போயும் விடவில்லை என்றால் சந்தேகம் சுவிட்ச் மேல் திரும்பும்.

வெப்பச் சென்சார் பற்றியும் சிலர் கேட்பார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. அதை இப்படிக் குழாய் போட்டுத் தள்ளி வைக்க முடியாது, முனை ஓடும் தண்ணீரில் நனைந்தே ஆக வேண்டும். கழற்றும்போது கூலன்ட் கொட்டும், ஆகவே ஆறிய இன்ஜினில் புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு மாற்றுங்கள், பிறகு காற்று தங்காதபடி நிரப்புங்கள். காற்றுக்குமிழ் சென்சாரைச் சூழ்ந்திருந்தால் இன்ஜின் கொதித்தாலும் முள் அசையாது. கேஜுக்கான சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் முக்கி ஓம் அளந்தால், சூடேற ஏற எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கெட்டுவிட்டது. யன்மாரில் இந்த வீடு பல நேரம் அலுமினியம், அதில் ஸ்பானருக்குப் பலம் காட்ட வேண்டாம்.

நான் சொன்னதெல்லாம் பழைய, கம்ப்யூட்டர் இல்லாத டீசலுக்கு. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய காமன்ரெயில் இன்ஜின்களில் ஆயில் அழுத்த சென்சாருக்குப் பெரும்பாலும் மூன்று வயர், அளந்து கொடுத்த 5 வோல்ட், அவை நேராகக் கன்ட்ரோல் பாக்ஸுக்குப் போகும். அங்கே வயரை எடுத்துப் பிளாக்கில் தொடும் சோதனையைச் செய்தால் பாக்ஸே போய்விடக்கூடும். அந்த வகைக்கு அந்த நிறுவனத்தின் சோதனைக் கருவி வைத்திருப்பவரைத்தான் கூப்பிட வேண்டும், அது என் கைவேலை இல்லை.

தம்பி, கேஜை மாட்டியதும் மரினாவிலேயே கட்டிய நிலையில், கயிறுகளை இரட்டிப்பாகப் போட்டு, கியரில் வைத்து இன்ஜினை முக்கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். ஓட்ட வேகத்தில் 2.5 முதல் 4 பார் வரை நின்றால் நல்லது. பிறகு நியூட்ரலுக்கு வந்து ஐட்லிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 1 பாருக்கு மேலே அசையாமல் நின்றால் புதிய சுவிட்சோடு கதை முடிந்தது, நிம்மதியாகப் படகை எடுங்கள். 0.5ஐ நோக்கி இறங்கினால் முதலில் ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றி, மறுபடி ஓட்டி அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கினால் அழுத்த வால்வு, ஆயில் பம்ப், பேரிங் என்று உள்ளே போக வேண்டியிருக்கும், அதுவரை படகை வெளியே எடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். ஓட்ட வேகத்தில் ஒன்று, ஐட்லிங்கில் ஒன்று, இரண்டு எண்ணையும் ஊற்றிய ஆயிலின் வகையையும் இங்கேயே எழுதுங்கள், அடுத்தது என்ன என்று பார்த்துச் சொல்கிறேன்.